விநாடிக்கு நாலாயிரத்து எழுநூறு

1

இந்திரன் ஓடினான்.

குருவிட்ட சந்தியில் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. "நகின்ன, நகின்ன!" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கண்டக்டர் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தான். இந்திரனின் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று. தாளில் ஒரே ஓர் எண். அந்த எண் பொய் என்று தெரிந்து ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அதை நம்பி, ஒன்பது மைலுக்கு அப்பால் ஒரு பெண் இந்நேரம் ஒரு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுகிறாள். அவள் அதைப் போட்டுவிட்டால்—

நிறுத்துகிறேன்.

ஆறு வருடமாக வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு இப்படித்தான் கை போகும். முதல் வரியில் யாராவது ஓட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுவீர்கள். ஆனால் இந்திரன் வேறு யாருமில்லை, நான்தான். முழுப்பெயர் இந்திரகுமார். மூன்றாம் ஆளாக்கி ஓடவிட்டால் எனக்கு மூச்சு வாங்காது என்பதற்காகச் செய்த வேலை அது.

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், அதாவது 2009 ஆடியில், என் ஒன்பதாவது தொடரில் ஒரு கட்டம் வந்தது. கொலையாளி ஒரு கொம்பியூட்டரின் டிஸ்க்கை இரகசியமாக மாற்றிவிடுகிறான். டிஸ்க் ஓடும் வேகத்தை அளந்து துப்பறிவாளன் அதைக் கண்டுபிடிக்கிறான். ஆசிரியர் ஷாமிளா போன் எடுத்தார்.

"இந்தாங்க, டிஸ்க் வேகத்த எப்படி அளக்குறதுன்னு ஒழுங்கா எழுதுங்க. போன தடவ ரிவோல்வர்ல எட்டுத் தோட்டா போட்டீங்க. இன்னும் கடிதம் வந்துகிட்டிருக்கு."

பழைய இயந்திரம் ஒன்று தேடி, நான் முன்பு வேலை பார்த்த கொம்பியூட்டர் கடைக்குக் குருவிட்டவுக்குப் போனேன். தூசி தட்டி ஒன்றை எடுத்துத் தந்தார்கள். அளந்தேன். திரையில் ஓர் எண் வந்தது.

அதே எண்ணை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். என் கையால் எழுதி ஒப்பமும் வைத்திருக்கிறேன்.

தொடர் அன்றோடு நின்றது. இது வந்தது.

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "2003 வைகாசியில் குரு கங்கை பெருகியது." (சரியான தகவல். ஆனால் பாடப்புத்தகம்.)

இரண்டாவது: "கிருஷ்ணகுமாரி அழகானவள் என்று சொல்ல முடியாது, ஆனால்—" (இந்த 'ஆனால்' என்னுடைய எட்டுக் கதாநாயகிகளுக்கும் வந்துவிட்டது. அடித்தேன்.)

மூன்றாவது: "தண்ணீர் முழங்கால் வரை வந்தபோது அவள் புத்தகத்தை விட்டுவிட்டுக் கொம்பியூட்டரைத் தூக்கினாள்."

இது நிற்கட்டும்.

ஹீன்தென்ன என்று ஒரு ரப்பர் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (பெயரை மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.) ஆபிஸ் பள்ளத்தில், ஓடைக்குப் பக்கத்தில். அங்கே கிருஷ்ணகுமாரி டைப்பிஸ்ட். தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வயது இருபத்தேழு. பெரிய கிளாக்கர் நல்லையாவின் மேசைக்கு எதிர் மேசை. தோட்டத்தில் பிறந்தவர், இறந்தவர், வேலைக்குச் சேர்ந்தவர் என்று ஐம்பது வருடத்துப் பெயர்ப் பதிவுப் புத்தகங்களை வரி விடாமல் கொம்பியூட்டரில் ஏற்றியிருந்தாள். நாலு வருட வேலை.

வெள்ளம் வந்த அன்று ஆபிஸில் அவளும் காவல்காரரும் மட்டும்தான். அலுமாரிக்கு மேல் ஏற்ற ஒரேயொரு பொருளுக்குத்தான் நேரம் இருந்தது. புத்தகங்கள் பதினான்கு. கொம்பியூட்டர் ஒன்று. பதினான்கும் அந்த ஒன்றுக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஏற்றியவளே அவள்தானே. கொம்பியூட்டரைத் தூக்கினாள். புத்தகங்கள் கூழாயின. பிரிண்டரும் போனது. டெலிபோன் கம்பியும் போனது.

அவளுக்கு அதில் வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி.

அவள் பிறப்பு டவுனில் பதியப்படவில்லை. தோட்டத்து மருத்துவச்சி சொல்லி, தோட்டத்துப் புத்தகத்தில் ஏறியதோடு சரி. அத்தாட்சிப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. அந்த வருடம் தோட்டப் பாடசாலை ஆசிரியர் நியமனத்துக்கு எழுதித் தேறியிருந்தாள். வியாழக்கிழமை இரத்தினபுரியில் நேர்முகம். தோட்டப் பதிவின் பிரதியில் தோட்டத்து மனேஜரான பெரிய தொர கையெழுத்து வைத்துக் கொண்டுவந்தால் அப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறோம் என்று ஓர் அலுவலர் சொல்லியிருந்தார். அந்த நியமனத்துக்கு இருபத்தெட்டு வயது நிறைந்திருக்கக் கூடாது. அடுத்த வருடம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு வரி. ஒரு டிஸ்க். அந்த டிஸ்க் வெள்ளத்துக்குப் பிறகு இழுத்து இழுத்து வேலை செய்தது. பார்க்கச் சொல்லிக் கடைக்கு ஆள் வந்தது. கடைக்காரர் மஹ்ரூப் நானா என்னை அனுப்பினார்.

3

சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றே கால். கடைசி பஸ் இரண்டு மணிக்கு. வெள்ளத்துக்குப் பிறகு பஸ் அவ்வளவுதான்.

"என்னங்கண்ணே, பொழச்சிக்குமா?" என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி.

"ஆஸ்பத்திரி வாசல்ல கேக்குற மாதிரி கேக்குறீங்களே மிஸ்."

"மிஸ்ஸுன்னு கூப்புடாதீங்க. வியாழக்கெழமைக்குப் பொறகு கூப்புடுங்க. இப்பவே கூப்புட்டு கண்ணு வச்சிராதீங்க."

நல்லையா கிளாக்கர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கதை வேணாம் தம்பி. தொர கேட்டா காட்ட எனக்கு ஒரு நம்பர் வேணும். நல்லதா கெட்டதா, எழுதி ஒப்பம் வச்சிட்டுப் போ."

"சரி கிளாக்கரையா."

வேகம் அளக்கும் புரோகிராமை ஓட்டினேன். டிஸ்க்கிலிருந்து ஒரு கோப்பைப் படித்து, விநாடிக்கு எத்தனை கிலோபைட் என்று சொல்லும். டிஸ்க் 'கிர்ர்ர்' என்றது. நின்றது. மறுபடி 'கிர்ர்ர்.' திரையில்: 190.

இன்னொரு தடவை ஓட்டினேன். சத்தமே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள்: 4,700.

தாளில் 4,700 என்று எழுதினேன். கீழே 'டிஸ்க் நல்ல நிலை.' ஒப்பம். திகதி.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான். குதிர மாதிரி ஓடுது. இன்னும் ஆறு மாசத்துக்குக் கவலையே இல்ல."

"அப்பாடா. புத்தகத்த விட்டுட்டு இந்தப் பெட்டியத் தூக்குனேன்னு மூணு வாரமா கிளாக்கரையா என்னத் திட்டாத நாள் இல்ல."

"இப்பவும் திட்டுவேன்" என்றார் நல்லையா, தலை நிமிராமல். "புத்தகத்துக்கு கரண்ட் வேணாம்."

நான் பையைத் தூக்கினேன். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு—

(இந்த வாக்கியம் இங்கே வேண்டாம். பிறகு.)

பஸ்ஸைப் பிடித்தேன்.

4

நீங்கள் கேட்கலாம்: 190 என்று முதலில் வந்ததே, அதை ஏன் எழுதவில்லை?

இதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

கொம்பியூட்டர் கடைக்கு வருமுன் இரண்டு வருடம் ரப்பர் ஸ்டோரில் பால் அளந்தவன் நான். வெட்டுக்காரர்கள் வாளியில் பால் கொண்டுவருவார்கள். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஒரு மிதவைக் குழலை அதில் விடுவோம். மெட்ரோலாக் என்று பெயர். முதல் தடவை விட்டால் நுரையில் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த அளவை யாரும் எழுத மாட்டார்கள். நுரையை வழித்துத் தள்ளிவிட்டு மறுபடி விட வேண்டும். இரண்டாவதாக நிற்பதுதான் அளவு. முதல் அளவை எழுதினால் வெட்டுக்காரர்கள் வாளியோடு சண்டைக்கு வருவார்கள்.

"நொரைக்கா சம்பளம்? வழிச்சிட்டு வுடு தொரையே!"

இரண்டு வருடம், நாளுக்கு எண்பது வாளி. முதல் அளவு கழிவு, இரண்டாவது அளவு கணக்கு. கைக்குள் ஊறிவிட்டது. டிஸ்க்கிலும் அதையே செய்தேன். நுரையை வழித்தேன்.

டிஸ்க்குக்கு அது நேர் தலைகீழ்.

(தொடருக்காகச் சேகரித்தது. வீணாக்குவானேன்? பழைய கொம்பியூட்டரில் டிஸ்க்கின் வேகத்தைச் சரியாக அளப்பது இப்படி. ஒருமுறை படித்ததை அந்த இயந்திரம் மெமரியில் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுமுறை கேட்டால் டிஸ்க்கைத் தொடாமலே மெமரியிலிருந்து எடுத்து நீட்டும். ஆகவே பிடித்து வைக்கும் அந்தப் புரோகிராமை முதலில் நிறுத்த வேண்டும். மெமரிக்குள் அடங்காத பெரிய கோப்பாகக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை அளந்ததும் கரண்டை அணைத்து, தட்டு சுற்றி ஓயும் வரை காத்திருந்து, மறுபடி போட வேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்றில் குறைந்ததை நம்ப வேண்டும்.)

போன மாதம் கடையில் அளந்தது அதே வகை இயந்திரம், ஆனால் நல்ல டிஸ்க். முதல் தடவை 1,080. இரண்டாவது தடவை 4,700.

எழுத்துக்கு எழுத்து அதே 4,700. நல்ல டிஸ்க்குக்கும் அதுதான், சாகக் கிடந்த டிஸ்க்குக்கும் அதுதான். டிஸ்க்கையே கழற்றி ஓடையில் எறிந்திருந்தாலும் மெமரி அதையேதான் சொல்லியிருக்கும்.

அன்று கடையிலிருந்து வரும் வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆறு வருடமாக மெட்ரோலாக் கதையை நான் சொல்லும் வேகம் இருக்கிறதே, கேட்ட மாத்திரத்தில் வருகிறது. தடங்கலே இல்லை. கிர்ர்ர் என்ற சத்தமே இல்லை.

நான் எங்கிருந்து எடுத்துச் சொல்கிறேன்?

5

அணைத்துவிட்டு மறுபடி போடுகிறேன். திங்கட்கிழமை காலை. கடை.

மஹ்ரூப் நானா ஒருபோதும் கத்த மாட்டார். அவருக்கு என்மேல் ஒரே குறை, நான் கதை எழுதுவது. "கஸ்டமர் மெஷின்ல ஒங்கட பேய்க்கதெயெ வெக்க வாணாம் மனே. ஒரு நாளெக்கி பில்லுக்குப் பதிலா பேய் பிரிண்டாகும்" என்பார். அன்று தாளின் நகலை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன, நாலாயிரத்து எழுநூறு?"

"ஹீன்தென்ன டிஸ்க், நானா."

"தொண்ணூத்தி நாலாம் ஆண்டு டிஸ்க் ஒண்டு இந்த ஓட்டம் ஓடுமா? இது டிஸ்க்கா, கொழும்பு இன்டர்சிட்டியா?" சிரித்தார். "மொத தரம் எவ்வளவு வந்த?"

நான் பையின் ஸிப்பை இழுத்து மூடினேன்.

"செல்லுங்களே வாப்பா."

"நூத்தித் தொண்ணூறு."

சிரிப்பு நின்றது. "மெமரியெ அளந்துட்டு வந்தீக்கிறீங்க. டிஸ்க் மவுத்தாகப் போற கட்டத்துல ஈக்கி. இன்னொரு தரம் சுத்தினா முடிஞ்சி. ஓடுங்க. சுவிட்சப் போட வாணாமெண்டு செல்லுங்க. ஓடுங்க!"

இந்திரன் ஓடினான். (அந்த வரி பொய்யில்லை.)

பத்தேகாலுக்கு ஆபிஸ் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. 'கிர்ர்... டக். கிர்ர்... டக்.' அப்புறம் அதுவுமில்லை. நல்லையா கிளாக்கர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேசையில் நான் ஒப்பம் வைத்த தாள், கண்ணாடிக் குண்டின் கீழ்.

"இது என்னா தம்பி?" என்றார். தாளைத் தொட்டுக் காட்டினார். "இது என்னா?"

கிருஷ்ணகுமாரி திரும்பினாள். கறுத்த திரைக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

பார்த்துச் சிரித்தாள். கவலையில்லாத சிரிப்பு.

6

இந்தச் சிரிப்பில் தகராறு.

இதுவரை எழுதியதை ஷாமிளாவுக்கு அனுப்பினேன். அந்த வரியைச் சிவப்பில் சுழித்துத் திருப்பியிருந்தார். போனிலும் வந்தார்.

"வாழ்க்கையே அந்தப் பெட்டிக்குள்ள. பெட்டி செத்துப்போச்சு. அவ சிரிக்கிறாளா? யாருங்க நம்புவா? அழ வைங்க. இல்லாட்டி மயக்கம் போட வைங்க."

"சிரிச்சா, மிஸ். நான் பார்த்தேன்."

"நீங்க பார்த்திருக்கலாம். வாசகர் பார்க்கலியே. காரணம் வேணும்."

காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கதையை முடிக்க முடியுமா என்றுதான் மூன்று வாரமாகப் பார்க்கிறேன். இதோ, முடித்துப் பார்த்தவை:

முடிவு ஒன்று. இந்திரன் டிஸ்க்கைக் கழற்றிக் கொழும்புக்கு ஓடுகிறான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதைத் திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் மீட்டுத் தருகிறார். வியாழக்கிழமை, நேர்முக அறையின் கதவு மூடும் விநாடியில்— (என் தொடர்களில் இப்படி நாலு கதவு மூடியிருக்கிறது. நடக்கவில்லை.)

முடிவு இரண்டு. அவள் என்னை மன்னிக்கிறாள். (மன்னிக்க வேண்டுமானால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

நடந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை அவள் வெறுங்கையோடு இரத்தினபுரிக்குப் போனாள். வெளியில் உட்கார வைத்தார்கள். பின்னேரம் நாலரைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறப்புப் பதிவுக்குப் பதிலாகத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் கிடைத்தபோது 2006. தோட்டத்துக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தது. அதோடு வேறு டைப்பிஸ்டும் வந்தார். அவள் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கலியாணம் கட்டிப் போனாள். கொழுந்து எடுக்கிறாளாம். வாரம் தவறாமல் என் தொடரைப் படிக்கிறாளாம். நல்லையா கிளாக்கர் ஒருமுறை பஸ்ஸில் சொன்னார். "ஒன்னய நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி" என்றும் சொன்னார். நான் அவிசாவளையில் இறங்க வேண்டியவன் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டேன்.

இந்த இதழ் நிவித்திகலவுக்கும் போகும். அவள் இதைப் படித்த பிறகு என்ன செய்வாள் என்பதுதான் உண்மையான முடிவு. அதை எழுத எனக்கு உரிமையில்லை. நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். என் முகத்துக்காகப் பார்க்க வேண்டாம்.

ஆனால் அதற்கு உங்களுக்குக் கையில் முழு விபரமும் வேண்டும். ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது.

7

கரண்டை அணைக்கிறேன். தட்டு ஓயட்டும். மெட்ரோலாக் வேண்டாம். நுரை வேண்டாம்.

முதல் தடவை.

நான் பையைத் தூக்கினேன். அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபிளொப்பியை எடுத்தாள். நீல நிறம். லேபிளில் உருண்டை எழுத்தில் 'கிருஷ்ணகுமாரி – பதிவு.'

"அண்ணே, இங்கதான் பிரிண்டர் மூழ்கிருச்சே. என் பக்கத்த மட்டும் இதுல எடுத்து வச்சிருக்கேன். கடையில பிரிண்ட் எடுத்து, திங்கக்கெழம கொண்டாந்து தந்துருவீங்களா? தொரகிட்ட ஒப்பம் வாங்கணும்."

"அதுக்கென்ன மிஸ்."

டிஸ்க் செத்த திங்கட்கிழமை காலை அவள் அதனால்தான் சிரித்தாள்.

"ஏண்ணே மொகம் இப்புடி? அதான் சனிக்கெழமையே ஒங்க கையில குடுத்துட்டேனே. பிரிண்ட் எடுத்தாச்சா?"

நல்லையா கிளாக்கரும் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்:

"ஃபிளொப்பி வெறுமையா இருக்கு, மிஸ். நீங்க சரியா கொப்பி பண்ணல போல."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் நின்றது. பிறகு தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தாள். "ஃபிளொப்பி வெளக்கு எரிஞ்சிச்சே... அவசரத்துல எதையோ மாத்தி அமுத்திட்டேனோ?" என்றாள். நாலு வருடம் ஒரு வரி பிசகாமல் ஏற்றிய கை.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் பாத்திருப்பேன்ல" என்றார் நல்லையா, அவளிடம். என்னிடம் அல்ல.

அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டு. திறப்பு என்னிடம். ஒரு வாரப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்குத் திங்கட்கிழமை கடைசித் தபால். கதையை டைப் செய்து கொண்டிருந்தேன். கடை மெஷினில் வைக்க மஹ்ரூப் நானா விட மாட்டார். வெறும் ஃபிளொப்பி ஒன்றுமில்லை, ஊரில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. பையில் அந்த நீலம் இருந்தது. ஹீன்தென்னவில் டிஸ்க் குதிரை மாதிரி ஓடுகிறது, புதன்கிழமை போய் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் பக்கத்தை அப்போதே பிரிண்ட் எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல், அழித்துவிட்டு என் கதையை ஏற்றினேன். அந்தக் கதைக்கு முதல் பரிசு. அதை வைத்துத்தான் எனக்கு முதல் தொடர் கிடைத்தது. லேபிளை இன்றுவரை உரிக்கவில்லை.

அழிக்க முன் அதைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு பக்கம். அவள் பெயர், தாய் மூக்காயி, பிறந்த திகதி 11.03.1976, லயத்து இலக்கம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

அவள் சரியாகத்தான் கொப்பி பண்ணியிருந்தாள்.